கொள்ளும் ஒளியும் கோள்களின் வளியும்

நுழையும்முன்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே பேருந்தில் செல்வோர் காதங்கி என்னும் சிற்றூரைக் கடந்து செல்வர். அங்கே ஒரு பரந்த வெளியில் உலோகக் கம்பங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்பதற்காக நட்டவை அல்ல. நம் தலைக்கு மேலே வீசும் காற்றைக் கேட்பதற்காக நட்டவை. சித்தூரிலிருந்து தெற்கு நோக்கி, நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே வானத்தை நோக்கும் பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றன. ஓரிடத்தில் நம் காற்றை ஆராய்கின்றனர். மற்றோரிடத்தில் நெடுந்தொலைவில் உள்ள உலகங்களை ஆராய்கின்றனர். மனிதர் எவரும் சென்றறியாத கோள்களில் காற்று உண்டா, இல்லையா என்பதைத் தரையில் நின்றுகொண்டே அறிவது எவ்வாறு? இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

கோள் என்னும் சொல்

பழந்தமிழர் வானில் ஒளிர்வனவற்றை நாள்மீன், கோள்மீன் என இருவகையாகப் பிரித்தனர். ஒன்றற்கொன்று இடம் மாறாமல் நிற்பவை நாள்மீன்கள். அவற்றினிடையே இடம் பெயர்ந்து செல்பவை கோள்மீன்கள். 'கோள்' என்னும் சொல் 'கொள்' என்னும் வினையடியின் முதலெழுத்து நீண்டு பிறந்தது. கொள்ளுதல் என்பது பெறுதல், எடுத்துக்கொள்ளுதல் என்னும் பொருளைத் தரும். விண்மீன் தானே ஒளிரும். கோளோ பிறிதொன்றின் ஒளியைக் கொண்டு விளங்கும்.

இச்சொல் இன்றைய அறிவியலுக்கும் அழகாகப் பொருந்துகிறது. ஒரு கோளைச் சூழ்ந்த வளிமண்டலம், தன் வழியே செல்லும் ஒளியில் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதை வளைத்தும் சிதறச் செய்தும் வெளியே விடுகிறது. எதைக் கொண்டது, எதை விட்டது என்று கணக்குப் பார்த்தால் அந்த வளிமண்டலம் எத்தன்மையது என்பது விளங்கும். தொலைதூரக் கோள்களின் காற்றை ஆராயும் முறைகள் பலவும் இந்த ஒரு கணக்கின் மேல் நிற்பவையே.

தலைக்கு மேல் ஒரு திரை

தரையிலிருந்து வானத்தை ஆராய்வோருக்கு முதல் இடையூறு நம் காற்றே ஆகும். பூமியின் வளிமண்டலத்தில் 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன. நீராவி இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுபடுகிறது. விண்மீனின் ஒளி கோடிக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடத்தில் எவ்விதத் தடையுமின்றி வருகிறது. இறுதியில் இந்தக் காற்றடுக்கைக் கடக்கும்போதுதான் அலைக்கழிகிறது. வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து சுழல்வதால் ஒளிக்கதிர் இப்படியும் அப்படியுமாக வளைகிறது. அதனையே விண்மீன் கண்சிமிட்டுவதாக நாம் காண்கிறோம். அத்துடன் ஆக்சிஜனும் நீராவியும் அந்த ஒளியில் தமக்குரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன.

காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் இந்தக் காற்றை ஆராயவே ஏற்பட்டது. இந்திய விண்வெளித் துறையின்கீழ் இயங்கும் இந்நிறுவனத்தின் பெருமைக்குரிய கருவி எம்.எஸ்.டி. ரேடார் என்பதாகும். இடையடுக்கு, மீள் அடுக்கு, கீழடுக்கு என்னும் மூன்று காற்றடுக்குகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளே இப்பெயராயின. 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பில், 32 வரிசைகளில் 1,024 ஆன்டெனாக்கள் நிற்கின்றன. இவை 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ரேடியோ அலைகளை மேல்நோக்கிச் செலுத்துகின்றன. காற்றின் சுழற்சிகளில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைக் கொண்டு, எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதை அறிகின்றனர். லேசர் ஒளியை மேலே செலுத்தி, திரும்பும் ஒளியை அளக்கும் லைடார் கருவியும் அங்கே உள்ளது.

காதங்கியின் பணி மழை, புயல், காற்றோட்டம் ஆகியவற்றைப் பற்றியது; கோள்களைப் பற்றியது அன்று. ஆயினும், நம் காற்று ஒளியை என்ன செய்கிறது என்பதை அறியாதவர் பிற உலகத்துக் காற்றை அறிய இயலாது. சாளரக் கண்ணாடியில் கறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கே, வெளியே தெரிவது கறையா, பறவையா என்று சொல்ல முடியும்.

மறையும் விண்மீன் தரும் செய்தி

நிலவு வானில் நகரும்போது சில வேளைகளில் ஒரு விண்மீனை மறைக்கும். அப்போது விண்மீனின் ஒளி படிப்படியாக மங்குவதில்லை. விளக்கை அணைத்ததுபோலச் சட்டென்று மறைகிறது. நிலவைச் சுற்றிக் குறிப்பிடத்தக்க காற்று இல்லை என்பதே இதற்குக் காரணம். பாறையின் விளிம்பு ஒளியை ஒரே நொடியில் மறைத்துவிடுகிறது.

காற்று சூழ்ந்த ஒரு கோள் விண்மீனை மறைத்தால் நிகழ்வது வேறு. வளிமண்டலம் மேலே மெலிந்தும் கீழே அடர்ந்தும் இருக்கும். கீழ்ப்பகுதி வழியே வரும் கதிர் மிகுதியாக வளையும். மேற்பகுதி வழியே வரும் கதிர் குறைவாக வளையும். ஆகவே இணையாக வந்த கதிர்கள் விசிறி விரிவதுபோல விரிந்து போகின்றன. நம்மை அடையும் ஒளி சிறிது சிறிதாகக் குறைகிறது. அந்தக் குறைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அளந்தால், அக்காற்றின் அடர்த்தி உயரத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணக்கிடலாம்.

இம்முறைக்கு 'மறைப்பு' என்று பெயர். இதற்குக் கோளின் அருகே செல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று தேவைகள் உண்டு. கோளின் நிழல் விழும் இடத்தில் தொலைநோக்கி இருக்க வேண்டும். அந்நேரத்தில் வானம் தெளிவாக இருக்க வேண்டும். நொடிக்கும் குறைவான காலத்தில் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்யும் கருவியும் வேண்டும். இம்மூன்றும் கூடிய ஓர் இரவு 1972ஆம் ஆண்டில் காவலூருக்கு வாய்த்தது.

காவலூர், 1972

காவலூர் இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. திருப்பதி வேறு, திருப்பத்தூர் வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த இவ்விடத்தைத் தேர்ந்தவர் வேணு பாப்பு ஆவார். 1927ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவர், 1960ஆம் ஆண்டில் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். கோடைக்கானல் ஞாயிற்றை ஆராய்வதில் புகழ்பெற்றது. இரவு வானத்து விண்மீன்களை ஆராய வேறோர் இடம் வேண்டும் எனக் கருதிய பாப்பு, ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். பூமியின் நடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம். 1968ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய தொலைநோக்கி அங்கே பணியைத் தொடங்கியது. 1972ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஜெய்ஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஓர் அரிய நிகழ்வு நேர்ந்தது. வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு, எஸ்.ஏ.ஓ. 186800 என்னும் எண் கொண்ட விண்மீனுக்குக் குறுக்கே சென்றது. அந்த விண்மீன் வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது. கனிமீடோ சூரியக் குடும்பத்தின் துணைக்கோள்களுள் மிகப் பெரியது; புதன் கோளைவிடவும் பெரியது. கனிமீட்டின் நிழல் தென்னிந்தியாவையும் ஜாவா தீவையும் கடந்து செல்லும் என்று கணித்திருந்தனர். காவலூரில் புதிய ஒரு மீட்டர் தொலைநோக்கியும், இந்தோனேசியாவின் லெம்பாங்கில் ஒரு சிறிய தொலைநோக்கியும் அந்த ஒற்றை விண்மீனை நோக்கித் திருப்பப்பட்டன. காவலூரில் இப்பணியில் முன்நின்றவர்களுள் ஒருவர் ஜே.சி. பட்டாச்சாரியா என்னும் அறிஞர்.

விண்மீன் சட்டென்று மறையவில்லை. சட்டென்று மீண்டும் தோன்றவும் இல்லை. மறைந்தபோதும் தோன்றியபோதும் ஒளி சற்றே தயங்கியதாகப் பதிவு காட்டியது. அவ்வாறாயின் கனிமீட்டைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். அதன் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கேனும் இருக்கும் எனக் கணக்கிட்டனர். இம்முடிவு 1973ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புதிதாய் அமைந்த தொலைநோக்கிக்கு இது சிறந்த தொடக்கமாக அமைந்தது.

திருத்தப்பட்ட விடை

கதை இத்துடன் முடியவில்லை. 1979ஆம் ஆண்டில் வாயேஜர் 1 விண்கலம் வியாழனை அணுகியது. அதுவும் அதே மறைப்பு முறையையே கையாண்டது. வேறொரு விண்மீனைக் கனிமீடு மறைத்தபோது, அதன் ஒளியைப் புற ஊதாக் கதிர்களில் அளந்தது. மெல்லிய காற்றையும் கண்டறியக் கூடிய நுட்பம் அதற்கு இருந்தது. ஆனால் காற்று இருப்பதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. அங்கே வளிமண்டலம் இருந்தாலும், முன்பு கணக்கிட்டதைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு மெலிந்ததாகவே இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. பின்னர் 1990களில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி கனிமீட்டில் மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலம் இருப்பதைக் கண்டது. அதன் மேற்பரப்பில் உள்ள பனிக்கட்டியை மின்னூட்டத் துகள்கள் தாக்குவதால் அந்த ஆக்சிஜன் உண்டாகிறது.

அப்படியானால் 1972ஆம் ஆண்டு விழித்திருந்தோரின் உழைப்பு வீணா? இக்கேள்விக்கு விடை காண்பது அறிவியலைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது. அவர்கள் தாம் பதிவு செய்ததை மறைக்கவில்லை. எவ்வாறு பதிவு செய்தனர், எவ்வாறு கணக்கிட்டனர் என்பதை அனைவரும் சோதிக்கும் வண்ணம் வெளியிட்டனர். அதனால்தான் பின்வந்தோர் அதனைத் திருத்த முடிந்தது. அதே பதிவுகளில் மற்றொரு செல்வமும் இருந்தது. காவலூரிலும் லெம்பாங்கிலும் விண்மீன் மறைந்திருந்த கால அளவைக் கொண்டு கனிமீட்டின் விட்டம் ஏறத்தாழ 5,270 கிலோமீட்டர் எனக் கணித்திருந்தனர். விண்கலங்கள் நெருங்கிச் சென்று அளந்த பின் இன்று ஏற்கப்படும் அளவு 5,268 கிலோமீட்டர். ஒரே இரவின் பதிவில் ஒரு முடிவு திருத்தம் பெற்றது. மற்றொன்று நிலைத்து நின்றது. எது நிலைக்கும், எது திருந்தும் என்பது அந்த இரவிலேயே எவருக்கும் தெரிந்திருக்க இயலாது.

தேடியது வளி, கிடைத்தது வளையம்

1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் வாய்ப்பு வந்தது. யுரேனசின் வளிமண்டலத்தை ஆராயும் நோக்குடன் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று, தொலைநோக்கி பொருத்திய வானூர்தியில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தது. காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியுடன் காத்திருந்தனர்.

கோள் விண்மீனை நெருங்குவதற்கு முன்னரே, எதிர்பாராத வேளையில், காவலூரில் விண்மீனின் ஒளி சில நொடிகள் குன்றி மீண்டது. மேகம் எனின் அருகிலுள்ளவையும் மங்க வேண்டும். ஏதோ ஒன்று விண்மீனை மறைத்துவிட்டுச் சென்றிருக்கிறது. அறியப்படாத சிறு துணைக்கோளாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். அவ்வாறே ஆய்விதழில் எழுதினர். வானூர்தியில் இருந்தோரின் பதிவிலும் இத்தகைய குன்றல்கள் இருந்தன. அவை ஒன்றல்ல, பல. அதுமட்டுமன்றி, கோளின் ஒரு பக்கத்தில் தோன்றிய அதே வரிசை மறுபக்கத்திலும் தோன்றியது. துணைக்கோள் அவ்வாறு இருபுறமும் இருக்க இயலாது. கோளைச் சூழ்ந்த வளையங்களால் மட்டுமே அது கூடும். பல இடங்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்னும் உண்மை வெளிப்பட்டது. சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று மூன்று நூற்றாண்டுகளாக நிலவிய எண்ணம் அன்று மாறியது. தனித்த ஒரு பதிவு பாதி உண்மையைச் சொன்னது. பல பதிவுகள் சேர்ந்து முழு உண்மையைச் சொல்லின.

குண்டூரில் தெரிந்த கோடு

மறைப்பு முறை காற்று உண்டா, எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும். அக்காற்றில் என்னென்ன உள்ளன என்று அறிய நிறமாலை வேண்டும். ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் அது வானவில்போல நிறங்களாகப் பிரியும். வாயுக்கள் ஒவ்வொன்றும் தமக்கே உரிய சில நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த இடங்களில் கருங்கோடுகள் தோன்றும். கைரேகையைக் கொண்டு மனிதரை அறிவதுபோல, இக்கோடுகளைக் கொண்டு வாயுவை அறியலாம். வாயு வெப்பத்தால் ஒளிரும்போது அதே இடங்களில் ஒளிக்கோடுகள் தோன்றும்.

இம்முறையின் வரலாற்றில் ஆந்திர மண்ணுக்கும் இடம் உண்டு. 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் நிகழ்ந்த முழு ஞாயிறு மறைப்பைக் காண அறிஞர் பலர் இப்பகுதிக்கு வந்தனர். பிரான்சு நாட்டு ஜான்சென் குண்டூரில் இருந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். ஞாயிற்றின் விளிம்பில் எழுந்த தீச்சுடர்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒளிக்கோடுகள் தெரிந்தன. அவற்றுள் மஞ்சள் நிறக் கோடு ஒன்று, சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தும் அதனோடு பொருந்தாமல் நின்றது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்கியரும் அக்கோட்டைக் கண்டார். பூமியில் அறியப்படாத தனிமம் ஒன்றின் கோடு அது என்று கருதி, ஞாயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹீலியம்' என்று பெயரிட்டனர். 1895ஆம் ஆண்டில்தான் ராம்சே அத்தனிமத்தைப் பூமியில் பிரித்தெடுத்தார்.

அதன்பின் தரைத் தொலைநோக்கிகள் கோள்களின் பக்கம் திரும்பின. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வில்சன் மலையிலிருந்து வெள்ளிக் கோளின் காற்றில் கார்பன் டைஆக்சைடு இருப்பதைக் கண்டனர். 1944ஆம் ஆண்டில் கைப்பர் என்பவர், சனியின் துணைக்கோளான டைட்டனில் மீத்தேன் இருப்பதைக் கண்டறிந்தார். ஒரு துணைக்கோளுக்கும் வளிமண்டலம் இருக்கக்கூடும் என்பது அதனால் உறுதியாயிற்று.

வேற்று ஞாயிறுகளின் கோள்கள்

இதுவரை சொன்னவை நம் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1995ஆம் ஆண்டில், சூரியனை ஒத்த மற்றொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று கண்டறியப்பட்டது. இத்தகைய கோள்களைப் புறக்கோள்கள் என்பர். அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தனியே பிரித்துப் பார்க்க இயலாது. கலங்கரை விளக்கின் அருகே பறக்கும் மின்மினியைத் தொலைவிலிருந்து காண முயல்வது போன்றது அது.

ஆயினும் ஒரு வழி உண்டு. சில கோள்கள் நாம் பார்க்கும் திசையில் தம் விண்மீனுக்குக் குறுக்கே கடந்து செல்கின்றன. எச்.டி. 209458 என்னும் விண்மீன் ஏறத்தாழ 160 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அதன் கோள் மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதனைச் சுற்றுகிறது. குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு குறைகிறது. இந்நிகழ்வு முதன்முதலாக 1999ஆம் ஆண்டில் தரைத் தொலைநோக்கிகளாலேயே கண்டறியப்பட்டது. கடக்கும் வேளையில் விண்மீன் ஒளியின் ஒரு சிறு பகுதி கோளின் வளிமண்டலத்தை ஊடுருவி வருகிறது. அக்காற்றில் சோடியம் இருந்தால், சோடியத்துக்குரிய நிறத்தில் மட்டும் ஒளி இன்னும் சற்றே குறையும். அந்தக் கூடுதல் குறைவு பத்தாயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்குதான். 2002ஆம் ஆண்டில் ஹபிள் தொலைநோக்கி அதனை அளந்தது. ஒரு புறக்கோளின் வளிமண்டலத்தைப் பற்றி மனிதர் பெற்ற முதல் செய்தி அதுவே. 2008ஆம் ஆண்டில் வேறொரு கோளில் சோடியத்தைத் தரையிலிருந்தே கண்டறிந்தனர்.

இரு காற்றுகளைப் பிரித்தறிதல்

இங்கே ஓர் ஐயம் எழும். நம் காற்றும் ஒளியை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கோளின் காற்றும் எடுத்துக்கொள்கிறது. நிறமாலையில் தெரியும் கோடு எதனுடையது?

கோளின் ஓட்டமே இதற்கு விடையாகிறது. தொடர்வண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஒலி உச்சமாகவும், கடந்து விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். இதனை டாப்ளர் விளைவு என்பர். ஒளிக்கும் இது பொருந்தும். நம்மை நோக்கி வரும் பொருளின் கோடுகள் நீல நிறப் பக்கமும், விலகும் பொருளின் கோடுகள் சிவப்பு நிறப் பக்கமும் நகரும். விண்மீனுக்குக் குறுக்கே செல்லும் கோள் முதலில் நம்மைச் சற்றே நெருங்கியும் பின்னர் விலகியும் செல்வதால், அதன் கோடுகள் சில மணி நேரத்துக்குள் இடம் பெயர்கின்றன. நம் காற்றின் கோடுகளோ அசையாமல் அங்கேயே நிற்கின்றன. அசையாதவற்றை நீக்கிவிட்டு அசைபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் கோளின் கணக்கு கிடைத்துவிடும்.

2010ஆம் ஆண்டில் சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் இவ்வாறே முன்சொன்ன கோளின் காற்றில் கார்பன் மோனாக்சைடு இருப்பதைக் கண்டனர். அதன் கோடுகள் எதிர்பார்த்த இடத்திலிருந்து மேலும் சிறிது நகர்ந்திருந்தன. அக்கோளில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாக அதிலிருந்து உய்த்துணர்ந்தனர். காதங்கியின் ரேடாரும் காற்றில் பட்டுத் திரும்பும் அலையின் இந்த நகர்வைக் கொண்டே காற்றின் வேகத்தை அளக்கிறது. பாக்காலா ஊரின் மேல் வீசும் காற்றையும் 160 ஒளியாண்டுக்கு அப்பால் வீசும் காற்றையும் அளப்பதற்கு அடிப்படை ஒன்றே.

2018ஆம் ஆண்டில் குண்டூர்க் கதை ஒரு சுற்று நிறைவு பெற்றது. ஸ்பெயின் நாட்டிலுள்ள 3.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, வாஸ்ப் 69பி முதலிய புறக்கோள்களிலிருந்து ஹீலியம் வெளியேறுவதைக் கண்டறிந்தனர். 1868ஆம் ஆண்டில் கண்டது மஞ்சள் கோடு. இப்போது கண்டது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கோடு. தனிமம் ஒன்றே. இடைப்பட்ட காலம் சரியாக 150 ஆண்டுகள்.

இருளைக் காத்தல்

காவலூரின் பணியும் ஓய்ந்துவிடவில்லை. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டில் அங்கே தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கும் முன்னரே மறைந்துவிட்ட வேணு பாப்புவின் பெயரே தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் சூட்டப்பட்டது. 2014ஆம் ஆண்டில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று சேர்ந்தது, அதற்கு ஜே.சி. பட்டாச்சாரியாவின் பெயரை இட்டனர். கனிமீட்டின் மறைப்பைக் கண்டவரின் பெயரைத் தாங்கிய அத்தொலைநோக்கியும், லடாக்கின் ஹான்லேயில் உள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்து ஐந்து புறக்கோள்களின் கடப்பை அளந்தன. அம்முடிவுகள் 2019ஆம் ஆண்டில் வெளிவந்தன. புறக்கோளின் காற்றைப் பிரித்தறிய இன்னும் பெரிய ஆடிகள் வேண்டும். சிலியில் 39 மீட்டர் ஆடியுடைய தொலைநோக்கி கட்டப்பட்டு வருகிறது. எனினும் கோளின் அளவையும் கடக்கும் நேரத்தையும் சிறிய தொலைநோக்கிகள் முன்கூட்டியே துல்லியமாகச் சொன்னால்தான் பெரியவை எப்போது, எங்கே நோக்குவது என அறியும்.

தொலைநோக்கிக்கு மேகம் ஒரு பகை. மேகமோ கலைந்துவிடும். கலையாத பகை ஒன்று உண்டு; அது மனிதர் ஏற்றும் வீண் விளக்கு. ஊர்கள் வளர வளர, மேல்நோக்கிச் சிதறும் ஒளி காற்றிலுள்ள தூசியிலும் நீர்த்துளியிலும் பட்டு வானத்தை வெளுக்கச் செய்கிறது. பத்தாயிரத்தில் இரண்டு பங்கு குறைந்ததா என்று பார்க்கும் கண்ணுக்கு அந்த வெளுப்பு பெரும் தடையாகும். தெரு விளக்குக்கு மேலே மூடியிட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் சாலையும் நன்கு தெரியும், வானமும் இருண்டிருக்கும். விளக்கை அணைக்க வேண்டும் என்பதில்லை; ஒளி வேண்டிய இடத்தில் மட்டும் விழுந்தால் போதும்.

வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பிள்ளைகள், சித்தூரிலும் திருப்பதியிலும் மாடியில் நின்று மேலே நோக்குகின்றனர். அவர்களுடைய தாத்தாவும் பாட்டியும் தம் ஊரின் முற்றத்திலிருந்து நோக்கும் விண்மீன்களும் அவையே. இடையில் இருப்பது ஒரு காற்றுத் திரைதான். அத்திரையை அறிந்து, அதன் வழியே அப்பாலுள்ள காற்றையும் அறியும் கலை, இவ்விரு ஊர்களுக்கும் அண்மையிலேயே வளர்ந்து வருகிறது.

சொற்பொருள் அறிவோம்

வளி – காற்று
மறைப்பு – ஒரு பொருள் மற்றொன்றின் ஒளியை மறைத்தல்
கடப்பு – கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே செல்லுதல்
நிறமாலை – ஒளி நிறங்களாகப் பிரிந்து தோன்றும் வரிசை
உய்த்துணர்தல் – கிடைத்த குறிப்பைக் கொண்டு ஆராய்ந்து அறிதல்

மொழிப் பயிற்சி

'கொள்' என்னும் வினையடி 'கோள்' எனத் திரிந்தது. இவ்வாறு முதல் நீண்டு பெயராகும் சொல் முதனிலை திரிந்த தொழிற்பெயர் எனப்படும். கெடு, சுடு, பெறு, விடு ஆகியவற்றை இவ்வாறே மாற்றி எழுதுக. ஒவ்வொன்றையும் ஒரு தொடரில் அமைக்க.

சிந்தித்து எழுதுக

1. நிலவு விண்மீனை மறைப்பதற்கும் காற்றுள்ள கோள் மறைப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 1972ஆம் ஆண்டின் கனிமீடு முடிவுகளுள் எது திருத்தப்பட்டது? எது நிலைத்தது? இதிலிருந்து அறியப்படுவது யாது?
3. யுரேனசைச் சுற்றி இருப்பது துணைக்கோள் அன்று, வளையம் என்பதை எவ்வாறு உறுதி செய்தனர்?
4. நம் காற்றின் கோடுகளையும் புறக்கோளின் காற்றின் கோடுகளையும் எவ்வாறு வேறுபடுத்துகின்றனர்?

செய்து பார்க்க

தெளிந்த இரவொன்றில், தலைக்கு நேர் மேலே உள்ள ஒரு விண்மீனையும் அடிவானத்துக்கு அருகில் உள்ள ஒரு விண்மீனையும் சில நிமிடங்கள் உற்றுநோக்குக. எது மிகுதியாகக் கண்சிமிட்டுகிறது? ஒளி கடந்து வரும் காற்றின் அளவை எண்ணி, அதற்கான காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.